விறைப்பு டொக்டரும் என் மூடாத கண்ணும்

ஊசியைக் கண்டால் ஓடி ஒளியும் பல் டொக்டர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் எங்கள் கல்முனையில்தான் இருந்தார். ஊசி போடுவதில் அவரை மிஞ்ச எங்கள் கரையில் ஆளில்லை. அதே ஊசியை யாராவது அவர் பக்கம் திருப்பினால் மனிதர் பின்கதவால் போய்விடுவார்.

அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. பல் பிடுங்குமுன் ஊசியால் வாயை உணர்ச்சியில்லாமல் விறைக்க வைப்பதால் அவர் விறைப்பு டொக்டர். தபால்காரர் அந்தப் பெயருக்குத்தான் கடிதம் கொண்டுவருவார். அவசரத்துக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கூப்பிட்டாலும் அந்தப் பெயர்தான். கூப்பிட்டவுடன் அவரும் கோபிக்காமல் வந்து நிற்பார்.

எழுபதுகளின் கடைசி அது. சூறாவளி ஊரின் பாதிக் கூரைகளைக் கொண்டுபோயிருந்தது. பிரதான வீதியில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் அவருடைய டிஸ்பென்சரி. கூரையில் ஒரு மூலைக்குத் தகரம், மற்ற மூலைக்குத் தென்னங்கிடுகு. நோயாளி இருக்கும் கதிரை, மூடிப்போன ஒரு சலூனிலிருந்து வாங்கியது. அதில் ஏறி இருந்தவுடன் பழக்கதோஷத்தில் காதோரம் மட்டும் கொஞ்சம் எடுத்துவிடும்படி சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

ஊரிலுள்ள சூத்தைப் பற்களையெல்லாம் பிடுங்கிய அந்த மனிதரின் கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் சூத்தையாகி வருஷக் கணக்காகக் கிடந்தது. அதில் கராம்பு வைத்துக்கொண்டு, கன்னத்தில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு, அடுத்தவன் பல்லைப் பிடுங்குவார். மட்டக்களப்பிலிருந்து அவரோடு படித்த டொக்டர் ஒருவர் அந்தப் பல்லைக் கழற்றித் தருகிறேன் என்று வந்தார். அவர் படியேறுவதைக் கண்டதும் இவர் கீழே இறங்கிச் சந்தைக்குள் போய் மறைந்துவிட்டார். வாந்திபேதிக்கு ஊசி போடச் சுகாதாரப் பகுதியார் பசாருக்கு வந்த அன்று, இரும்புக் கடையின் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் இருந்தவரைக் கடைக்காரர் கண்டுபிடித்தார். பகிடி பண்ணியவர்களுக்கு அவர் சொன்ன விளக்கம் ஊரில் நிலைத்துவிட்டது.

"நான் போடுற ஆள். போடப்படுற ஆளில்ல."

ஆனால் மற்றவர்களுக்குப் போடும்போது அவரைப் பார்க்க வேண்டும். கண்ணாடிச் சிரிஞ்சை மண்ணெண்ணெய்க் குக்கரில் கொதிக்க வைத்து எடுப்பார். பல்லடி முரசில் குத்தியதும் முதலில் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார். ரத்தம் வந்தால் நரம்புக்குப் பக்கத்தில் இல்லாமல் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டோம் என்று அர்த்தம். உடனே இடத்தை மாற்றுவார். அவசரமே கிடையாது. போட்டு முடித்ததும் போய் யன்னலடியில் நின்றுகொள்வார். மருந்து ஏற நேரம் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு மார்க்கக் கடமை மாதிரி. பொறுமை ஈமானில் பாதி என்பார். ஊசி போட்ட கையோடு பல் பிடுங்கும் குறட்டை எடுப்பவன் டொக்டரில்லை, கள்ளன் என்பார்.

அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான் விளக்கம் நடக்கும். வாய் விறைத்துக்கொண்டு வருவதால் நோயாளியால் மறுத்துப் பேச முடியாது. இப்படி வாகான சபை எந்த மௌலவிக்கும் கிடைத்ததில்லை. ஆளுக்கு ஆள் விளக்கம் மாறும். மீனவர் என்றால் வலை, பஸ் கண்டக்டர் என்றால் மணி அடிக்கும் கயிறு, வயற்காரர் என்றால் வாய்க்கால். மனிசனுக்கு அவன் தொழிலில் சொன்னால்தான் நரம்பு விளங்கும் என்பது அவருடைய கொள்கை.

"பல்லுக்குள்ள நோவு கிடக்கிறது வேற, நமக்கு நோகிறது வேற," என்று தொடங்குவார். "செய்தி நரம்பால ஓடி மூளைக்குப் போனாத்தான் நமக்கு நோகும். நரம்பு நெடுக சின்னச் சின்னக் கதவு இரிக்கி. அதால உப்பு உள்ள பூந்தாத்தான் செய்தி ஓடும். இந்த மருந்து போய் அந்தக் கதவையெல்லாம் சாத்திப்போடும். நோவு அங்கதான் கிடக்கும். செய்தி வராது. விளங்கிச்சா?"

விளங்காவிட்டாலும் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் முதலிலிருந்து தொடங்குவார்.

ஒரு வெள்ளிக்கிழமை கண்டக்டர் ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு, மருந்து ஏறட்டும் என்று பிளேன்டீ குடிக்கக் கீழே இறங்கினார். தேத்தண்ணிக் கடையில் ஜும்மாவுக்குப் பாங்கு கேட்டது. அப்படியே பள்ளிக்குப் போய்விட்டார். அன்று குத்பாப் பிரசங்கம் ஓதியவருக்கு நிறுத்த மனம் வரவில்லை. தொழுதுவிட்டு, ஒருவரோடு கதைத்துவிட்டு, வீட்டில் சோறும் தின்றுவிட்டுத்தான் மேலே ஒரு மனிதன் வாயைத் திறந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்தது. ஓடிவந்து பல்லில் குறட்டை வைத்தார். விறைப்பு எப்போதோ விட்டுப் போயிருந்தது. கண்டக்டர் போட்ட சத்தத்துக்குக் கீழே இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கண்டக்டர் பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டால் மணி அடிக்காமலே பஸ்ஸை எடுக்கச் சொல்வார்.

விறைப்பு விடும்வரை எதையும் சப்பக்கூடாது என்று எல்லாரிடமும் படித்துப் படித்துச் சொல்வார். கோமாரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தென்னந்தோட்டக்காரர் கேட்கவில்லை. பல்லைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் வெற்றிலை போட்டார். வெற்றிலையோடு சேர்த்துக் கீழுதட்டையும் சப்பினார். விறைத்த உதடு நோகவில்லை. துப்பியது சிவப்பாகத்தான் வந்தது, வெற்றிலை போட்டவன் சிவப்பைக் கண்டு பயப்படுவானா? இன்றைக்கு வெற்றிலை நல்லாய்ச் சிவக்கிறதே என்று பக்கத்தில் நின்றவருக்கும் ஒரு வாய் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்த பிறகுதான் அழுதாராம்.

இதையெல்லாம் விடப் பெரியது சுன்னத்து வீட்டுக் கதை. எங்கள் பக்கத்தில் சுன்னத்துச் செய்யும் நேரத்தில் பிள்ளை அழும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கச் சீனவெடி கொளுத்துவார்கள். வெடிகொளுத்துகிறவருக்குப் பிள்ளையின் முதல் அழுகைதான் அடையாளம். புதுமை விரும்பிய ஒரு வாப்பா, மகனுக்கு நோகக்கூடாது என்று விறைப்பு டொக்டரை அழைத்துவந்து ஊசி போடச் செய்தார். சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா மாமா தன் வேலையை முடித்துக் கையும் கழுவிவிட்டார். பிள்ளை அழவேயில்லை. முடிஞ்சா என்று மட்டும் கேட்டான். வெளியே வெடிக்காரர் நெருப்புக் கொள்ளியோடு நின்றுகொண்டே இருக்கிறார், சத்தம் வரவில்லை. கடைசியில் கொள்ளி கையைச் சுடவும் எறிந்தார். அது வெடிக்கட்டின் மேல் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து பிள்ளை வீடே அதிர அழத் தொடங்கினான். பார்த்தீர்களா, ஊசி பிடிக்கவில்லை என்று உள்ளே பெண்கள் சொன்னார்கள். ஒஸ்தா மாமாவும் அதை மறுக்கவில்லை.

இப்படி ஊரெல்லாம் சிரித்த மனிதரிடம் என் வாழ்க்கையே மாட்டிக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்குப் பெண் பேசியது நற்பிட்டிமுனையில். நாங்கள் மருதமுனையில் தறி வைத்துச் சாரன் நெய்து விற்பவர்கள். பெண்ணின் வாப்பா போடியார், பெரிய வயற்காரர். மகளுக்கென்று வீடும் கட்டி வைத்துவிட்டு மாப்பிள்ளை பார்த்தவர். அவருக்கு ஒரு பயம் இருந்தது. அவருடைய சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு, இழுப்பு நோயுள்ளவனை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள். அதிலிருந்து மாப்பிள்ளை என்றாலே சந்தேகம். என்னைப் பார்க்க வந்த அன்று கிணற்றடிவரைக்கும் நடந்து வரச் சொன்னார். கையை மடக்கச் சொன்னார். உழவுக்கு மாடு வாங்குகிறவர் கூட அவ்வளவு பார்க்கமாட்டார். வாயை மட்டும் பார்க்காமல் விட்டார். பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நானும் மறைத்துத்தான் வைத்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பல் எனக்கே தெரியாமல் கிடந்தது. நிக்காஹ் அன்று விடியற்காலை கன்னம் வீங்கிக்கொண்டு எழும்பினேன். கராம்பு, உப்புத் தண்ணீர், உம்மாவின் ஓதல் எல்லாம் முடிந்தும் நோவு கண்ணுக்குள் ஏறியது. நிக்காஹ் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு. பகல் லுஹருக்கு முன்னமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனைக்கு ஓடினேன்.

விறைப்பு டொக்டர் வாய்க்குள் பார்த்துவிட்டு மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சீழ் கட்டியிருக்கிறது, சீழ் உள்ள இடத்தில் இந்த மருந்து பிடிக்காது என்றார். அங்கே எல்லாம் புளித்துப்போய்க் கிடக்கும், புளிப்புக்குள் மருந்து நரம்புக்குள் நுழையாது, எத்தனை ஊசி போட்டாலும் வீண். ஆகவே பல்லடியில் போடாமல், தாடை தொடங்கும் இடத்தில், நரம்பின் மூலத்திலேயே போட்டு அடைக்கப் போவதாகச் சொன்னார். நான் தறிக்காரன் என்பதால், துணியில் எங்கே கோளாறு என்றாலும் பாவு நூல் கட்டிய இடத்தில் போய்ப் பிடிப்பது போல என்று விளங்கப்படுத்தினார். நிக்காஹ் நேரத்தில் நோகக்கூடாது என்று கருணை வேறு. மருந்து ஓடிப்போகாமல் நெடுநேரம் நிற்க, ரத்தக் குழாயைச் சுருக்கும் இன்னொரு மருந்து கலந்ததை எடுத்துப் போட்டார்.

உதடு விறைத்தது, நாக்கில் பாதி விறைத்தது. பல் வந்ததே எனக்குத் தெரியவில்லை. ஒரு கிண்ணத்தில் டங் என்று விழுந்த சத்தம்தான் கேட்டது. எழும்பி ஸலாம் சொல்லப் போனேன். டொக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருக்கா ரெண்டு கண்ணையும் மூடுங்க தம்பி."

மூடினேன்.

"மூடிட்டீங்களா?"

"ஓம்."

"இல்ல தம்பி. ஒண்டுதான் மூடியிரிக்கி."

கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார். என் முகத்தில் ஒரு பாதி எனக்குச் சொந்தம். மற்றப் பாதி வாடகைக்குப் போயிருந்தது. வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. அந்தப் பக்கத்துக் கண் முழித்தபடி. ஒவ்வொரு தரம் இமைக்கும்போதும் ஒரு கண் மட்டும் மூடித் திறந்தது. ஊசி கொஞ்சம் பின்னுக்குப் போய் முகத்தை அசைக்கிற நரம்பையும் நனைத்துவிட்டதாம். மருந்து இறங்கியதும் தானாகச் சரியாகிவிடும், பொழுதுபட, மஃரிபுக்குள் கண் மூடும் என்றார். நிக்காஹ் அசருக்கு என்று பாதி வாயால் சொன்னேன். டொக்டர் வெயிலுக்குப் போடும் தன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். தூசு பட்டு அந்தக் கண் காய்ந்துபோகக் கூடாது என்றார். பிறகு மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு, என் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டார்.

கோட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நான் பெண் வீட்டில் போய் இறங்கியபோது பொடியன்களுக்கு என்னை நன்றாகப் பிடித்துவிட்டது. சவூதிக்குப் போய் வந்த மாப்பிள்ளை என்று கதை பரவியது. நான் வாயைத் திறக்காமல் இருந்ததால் அடக்கமான மாப்பிள்ளை என்ற பெயரும் கிடைத்தது. எல்லாம் கலியாணக் காவின் எழுத வந்த பதிவுகாரர் வாயைத் திறக்கும்வரைதான். நிக்காஹ் மஜ்லிஸில் கறுப்புக் கண்ணாடி அழகில்லை, கழற்றுங்கள் என்றார். கழற்றினேன்.

எனக்கு நேர் எதிரே, பெண்கள் இருந்த அறையின் திரைச்சீலை. அதன் விளிம்பில் நாலைந்து கண்கள் தெரிந்தன. பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்க இமைத்தது. பெண்ணின் தம்பி எழுந்து நின்றான்.

"வாப்பா, மாப்பிள உள்ளுக்குப் பாத்துப் பாத்துக் கண்ணடிக்கிறார்."

போடியார் அதைக் கேட்காதவர் போல என் கையைப் பிடித்துக்கொண்டு, பதிவுகாரர் சொல்லச் சொல்லத் தன் மகளை எனக்கு நிக்காஹ் செய்து தருவதாகச் சொல்லி முடித்தார். இனி நான் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். சொல் வருவதற்கு முன் வாய்நீர் வந்தது. தொங்கிய பக்கத்தால் வழிந்து போடியாரின் கையில் விழுந்தது. பின்னால் வந்த சொல் எந்த மொழி என்று பதிவுகாரருக்கே தெரியவில்லை. போடியார் கையை எடுத்தார். என் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தார்.

"இது வாதம்," என்றார் மெதுவாக. "பதிவுகாரர், எழுத வேணாம். எண்ட புள்ளைக்கு முழு மாப்பிள வேணும். அரை மாப்பிள வேணாம்."

அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த தட்டுக்கு மேலால் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனவள். அந்த ஒரு பார்வையிலேயே எனக்கு இனி வேறு இடத்தில் பெண் பார்க்க முடியாது என்று ஆகியிருந்தது. இப்போது அது கையை விட்டுப் போகிறது, வாயைத் திறந்து கெஞ்சக் கூட எனக்கு வாயில்லை.

விறைப்பு டொக்டர் எழும்பி நடுவில் வந்தார். தன்னால் வந்தது என்று மறைக்காமல் சொன்னார். பிறகு போடியாருக்கு வாய்க்காலில் தொடங்கினார். நரம்பு வாய்க்கால், நோவும் அசைவும் அதில் ஓடுகிற தண்ணீர், மருந்து துருசுக் கதவை இறக்கிவிட்டது. கூடப் போட்ட மருந்து வரம்பு கட்டி அதை நிற்க வைத்திருக்கிறது. பக்கத்து வாய்க்காலின் துருசும் தவறி இறங்கிவிட்டது. நேரமானால் மருந்தை ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விடும், துருசு தானாக உயரும். வாழ்நாளில் அவர் செய்த மிகச் சிறந்த விளக்கம் அது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஒருவர் பின்வரிசையில் இருந்து ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

போடியார் கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரி டொக்டர். துருசு துருப்பிடிச்சு ஏறாமப் போனா?"

"ஏறும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒருநாளாவது இத நீங்க உங்களுக்குப் போட்டுப் பாத்திரிக்கீங்களா?"

மஜ்லிஸ் முழுவதுக்கும் பதில் தெரியும். பெயின்ட் டின் கதை தெரியாதவர் அந்தப் பந்தலில் இல்லை. யாரோ சிரித்தார்கள். டொக்டர் கன்னத்துக் கைலேஞ்சியைத் தடவினார். வாசலைப் பார்த்தார். ஓடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு திரும்பி, மூட முடியாமல் முழித்துக்கொண்டிருந்த என் கண்ணைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து பாயில் இருந்து, மருந்துப் பையைத் திறந்தார்.

"என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க தம்பி," என்றார்.

நாள் முழுக்க மற்றவர்களைக் கண்ணை மூடச் சொல்கிற மனிதர் அன்று கண்ணாடி பார்த்துப் போட வேண்டியிருந்ததால் தானே கண்ணை மூட முடியாமல் போனார். தன் உதட்டுக்குக் கொஞ்சம், வரம்பு கட்டுகிற மருந்து கலக்காததாக எடுத்தார். பிஸ்மில்லாஹ் என்றார். குத்தும்போது என் தோளில் பதிந்த விரல்களின் தடம் அடுத்த நாளும் இருந்தது. ஊசியை எடுத்துவிட்டு, சுன்னத்து வீட்டுப் பிள்ளை மாதிரி "முடிஞ்சா?" என்று கேட்டார். கேட்டபடியே என் மடியில் சாய்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் மடியில் மயங்கிய டொக்டர், டொக்டருக்கு மேலே வாய் வழிகிற மாப்பிள்ளை. போடியார் தன் சால்வையை எடுத்து எங்கள் இருவருக்கும் விசிறினார்.

டொக்டர் கண் திறந்ததும் என் கழுத்து மாலையிலிருந்து ஒரு குண்டூசியைக் கழற்றிப் போடியாரிடம் கொடுத்தார். போடியார் அவருடைய உதட்டில் குத்திப் பார்த்தார். அசைவில்லை. என் உதட்டில் குத்தினார். அசைவில்லை. இரண்டும் ஒரே சாதி விறைப்புத்தான் என்று ஒத்துக்கொண்டார். அப்படியானால் இது விடுவதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்துகொண்டார்.

மஜ்லிஸ் முழுவதும் காத்திருந்தது. சாப்பாட்டுச் சஹன் வைக்கவா வேண்டாமா என்று சமையல்காரர் வந்து வந்து கேட்டார். புரியாணி ஆறியது. பதிவுகாரருக்கு இன்னொரு வீட்டில் காவின் இருந்தது. அவரிடம் டொக்டர் பொறுமை ஈமானில் பாதி என்று சொல்லப் போனார். விறைத்த உதட்டால் அது பாதிதான் வந்தது. பந்தலே சிரித்தது. என் வாப்பாவும் சிரித்தார். வயலில் தண்ணீர் பார்க்கிறவரைப் போலப் போடியார் இடைக்கிடை குனிந்து, இந்த உதட்டில் ஒன்று, அந்த உதட்டில் ஒன்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம், குத்து விழுந்ததும் டொக்டர் துள்ளினார்.

"நோகுதா?" என்றார் போடியார்.

"நோகுது," என்றார் டொக்டர். நோகிறது என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதனை நான் பிறகு கண்டதில்லை. "நல்லா நோகுது."

என் கண் அப்போதும் மூடவில்லை. போடியார் அதற்குக் காத்திருக்கவுமில்லை. துருசு உயர்ந்திட்டு என்று சபைக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். முதலிலிருந்து எல்லாம் சொன்னார். நானும் சொன்னேன். மாப்பிள்ளையின் சொல் தெளிவில்லை என்று பதிவுகாரர் இழுத்தார்.

"எனக்கு விளங்குது. எழுதுங்க," என்றார் என் மாமனார்.

சஹனில் கை வைக்கும்போது என் கண் தானாக மூடியது. எனக்கு முன்னால் இருந்து, விறைப்பு முழுவதாக விடாததால் ஒன்றையும் சப்பாமல் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்த டொக்டர்தான் அதை முதலில் கண்டார். அடுத்த மாதம் அந்தச் சூத்தைப் பல்லைக் கழற்ற மட்டக்களப்புக்குப் போனார். கையைப் பிடித்துக்கொள்ளத் துணைக்கு என் மாமனாரைக் கூட்டிப்போனார். இருவரும் மௌத்தாகும்வரை கூட்டாளிகளாக இருந்தார்கள்.

இனி ஒன்றுதான் பாக்கி. திரைக்குப் பின்னால் இருந்த பெண்கள், மாப்பிள்ளை திரையைப் பார்த்துக் கண்ணடித்தார் என்று என் மனைவியிடம் அன்றே சொல்லிவிட்டார்கள். அது ஊசியால் வந்தது என்று நான் சொன்னேன். அவளுக்கு அதை நம்ப விருப்பமில்லை. என்னைப் போன்ற ஒரு சாதுவிடம் அந்த ஒரு துணிச்சலாவது இருக்கட்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. சில வருஷம் கழித்து அவளுக்கே ஒரு பல் நொந்தது. நானும் கூடப் போனேன். டொக்டர் ஊசி போட்டுவிட்டு யன்னலடிக்குப் போனதும், வாய் முழுதாக விறைக்குமுன் அவள் கேட்டுவிட்டாள். அந்தக் கண் ஊசியால் வந்ததா, இவரால் வந்ததா, உண்மையைச் சொல்லுங்கள் என்றாள்.

நரம்பைப் பற்றி யாராவது ஒரு சொல் பிழையாகச் சொன்னால் தேத்தண்ணிக் கடையில் கூட விடாமல் திருத்துகிற மனிதர். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எண்ட ஊசி உதட்டோட நிண்டிட்டு மகள். கண்ணுக்கு எட்டல்ல. கண்ணடிச்சது உங்கட மாப்பிளதான்."

என் மனைவி பாதி வாயால் சிரித்தாள். வீடு வந்து சேரும்வரை சைக்கிளின் பின்னால் இருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் இந்தப் பத்திரிகை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாருக்கும் நரம்பின் உண்மையை மட்டுமே சொல்லித் திரிந்த மனிதர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே ஒரு பொய் அது. அதை எனக்காகச் சொன்னார்.